வீட்டருகே பழைய இரும்பு ஆலை: உரிமத்துக்கு முன் உடல்நலம்

பழைய இரும்பை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்துவது தேவையான தொழில். ஆனால் வீடுகளுக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் அதற்கு உரிமம் கொடுக்கலாமா? அமெரிக்காவின் சிகாகோ நகரத் தென்கிழக்குப் பகுதி மக்கள் இதை ஆலை ஓடத் தொடங்கும் முன்பே கேட்டார்கள்.

ஆலையிலிருந்து வருவது என்ன?

ஓடி ஓய்ந்த காரை அரைவை இயந்திரத்துக்குள் தள்ளியதும் கனத்த சுத்தியல்கள் சுழன்று அதை நொறுக்கும். காந்தம் இரும்பைப் பிரித்தெடுத்த பின், சீட்டுப் பஞ்சு, ரப்பர், பிளாஸ்டிக், பெயிண்ட் தூள், ஆயில் எல்லாம் கலந்த கழிவு மிஞ்சும். ஈயமும் காட்மியமும் அதில் இருக்கக்கூடும். டேங்கில் பெட்ரோல் தங்கியிருந்தால் வெடிக்கலாம்; லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கலாம்.

உடலுக்கு என்ன கேடு?

2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போய் ஆஸ்துமாவையும் இதய நோயையும் மோசமாக்கும். மாங்கனீஸ் தூசியை நெடுநாள் அதிகமாகச் சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு, கை நடுங்கும், நடை தடுமாறும்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். தரையில் தவழ்ந்த பிள்ளை அந்தக் கையையே வாயில் வைக்கும். மூளை வளர்ச்சியில் ஏற்படும் பாதிப்பைப் பின்னால் சரிசெய்ய முடியாது.

சிகாகோவில் நடந்தது

வசதி படைத்தவர்கள் வாழும் லிங்கன் பார்க் பகுதியில் இயங்கிய ஜெனரல் அயர்ன் ஆலையில் 2020 மே மாதம் வெடிப்பு நேர்ந்தது. அந்தத் தொழிலைத் தென்கிழக்குப் பகுதிக்கு மாற்றும் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் பெருவாரியாக வாழும் அந்தத் தொழிலாளர் பகுதி, பெட்ரோலியக் கரித்தூளாலும் மாங்கனீஸ் தூசியாலும் ஏற்கெனவே அவதிப்பட்ட இடம். புதிய ஆலைக்கு ஏறத்தாழ அரை மைலில் ஓர் உயர்நிலைப் பள்ளியும் இருந்தது.

2021 பிப்ரவரியில் ஆசிரியர்கள் உட்பட அப்பகுதியினர் உண்ணாவிரதம் தொடங்கினர். மே மாதம், மத்திய சுற்றுச்சூழல் முகமையின் தலைவர் மைக்கேல் ரீகன் தலையிட, உடல்நலத் தாக்க ஆய்வு நடந்தது. 2022 பிப்ரவரி 18 அன்று நகரச் சுகாதாரத் துறை உரிமத்தை மறுத்தது. நலிந்த பகுதிமீது மேலும் ஏறும் ஆபத்து, நிறுவனத்தின் முந்தைய நடத்தை ஆகிய இரண்டையும் அது காரணமாகச் சொன்னது. நிறுவனம் அதை எதிர்த்து வழக்காடியது.

அருகில் வசிப்பவர்கள் கவனிக்க

* காய்ந்த தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.
* சாப்பிடும் முன் பிள்ளைகளின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
* பழைய இரும்பு வேலைக்குப் போகிறவர்கள் உடை மாற்றிவிட்டு வீட்டுக்குள் வரட்டும்.
* மருத்துவரிடம் கேட்டு, குழந்தையின் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதியுங்கள்.

ஆனால் வீட்டைத் துடைப்பதால் மட்டும் காற்று சுத்தமாகிவிடாது. உரிமம் பரிசீலனையில் இருக்கும்போதே கேளுங்கள்: பள்ளி எவ்வளவு தூரம்? காற்று எந்தப் பக்கம் வீசும்? அரைவை மூடிய கூடத்துக்குள் நடக்குமா? தீயை அணைக்க என்ன ஏற்பாடு? இங்கே ஏற்கெனவே எத்தனை ஆலைகள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைக் கணக்கில் எடுக்காத உரிமத்தை எதிர்க்க ஊர் மக்களுக்கு முழு நியாயம் உண்டு.