கணவரோடு ஜெர்மனிக்கு... கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் கணவரோடு குடியேறப் போகும் பெண்ணுக்கு முதல் வேலை ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்யாணமான 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். விசாவுக்கு அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை. பொதுவாக, ஏ1 நிலை ஜெர்மன் மொழித் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். கணவரிடம் ‘ப்ளூ கார்டு’ இருந்தால் மனைவிக்கு இதிலிருந்து விலக்கு.

அங்கே வீட்டில் குடியேறிய 2 வாரங்களுக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்குப் பெயர் ‘அன்மெல்டுங்’. வீட்டு உரிமையாளர் தரும் அத்தாட்சிக் கடிதம் அவசியம். விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். அந்த அனுமதியோடு மனைவியும் வேலைக்குப் போகலாம்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் மனைவியின் அனுமதி, கணவரோடு சேர்ந்து வாழ்வதையே சார்ந்தது. ஜெர்மனியில் 3 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பிறகே, பிரிந்தாலும் தனியாகத் தங்கும் உரிமை வருகிறது. ஆனால், குடும்ப வன்முறை நடந்தால் 3 ஆண்டுகள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை; சட்டமே விலக்கு தருகிறது. விசாவுக்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், முகவரிப் பதிவுச் சீட்டு மூன்றும் மனைவியின் கைவசமே இருக்கட்டும்.