கடை மச்சுக்கு எந்த வர்ணம்?

தஞ்சைப் பகுதிப் பழைய ஓட்டுக் கட்டடக் கடைகளில் மச்சுதான் சரக்கு அறை. சரிந்த கூரை, குறைந்த வெளிச்சம். அங்கே அடர்ந்த பச்சை, நீலம் பூசினால் உள்ள வெளிச்சமும் போய்விடும். கூரையின் உட்பலகைக்கும் சுவருக்கும் வெள்ளையே நல்லது என்பது நமது கருத்து. கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் அறை முழுதும் பரவும். ஒழுகல் கறை, வண்டு, எலிப்புழுக்கை உடனே கண்ணில் படும். அரிசி, பருப்பு மூட்டைகளைக் கெடுமுன் காப்பாற்றலாம்.

பழைய சுவரில் எண்ணெய்ப் பெயிண்ட் ஈரத்தை உள்ளே அடைத்து, பின் உரிந்துவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பு ஈரத்தை வெளிவிடும். அதன் காரத்தால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. கை படும் அடிச்சுவரில் மூன்றடிக்குக் காவி அடிக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், பொங்கலுக்கு முன் சரக்கை இறக்கிவிட்டுப் பூசுங்கள். நன்கு காய்ந்தபின், மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல் கட்டைமேல் அடுக்கும்படி வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.