தேகத்தின் கணக்குப்பிள்ளை

விருதுநகர் ஜில்லாவில் சிவகாசிக்கு அருகிலுள்ள திருத்தங்கல், நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் அருள்பாலிக்கிறார். கீழேயோ வறண்ட பூமி, மழை குறைவு, வெயில் கொடிது. ஆயினும் அந்த வறட்சியே இப்பிரதேசத்துக்குச் சோறு போடுகிறது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து சிவகாசியில் ஊன்றிய தீப்பெட்டித் தொழிலும், பின்னர் வளர்ந்த பட்டாசுத் தொழிலும் வெயிலை நம்பியவை. ஆனால் மருந்தை உலர்த்தும் வெயில் மனிதனை விட்டுவைக்குமா? ஜலத்தையும் உப்பையும் வியர்வையாக உறிஞ்சிவிடுகிறது.

இந்த நஷ்டத்தைக் கவனித்துச் செலவைச் சுருக்கும் கணக்குப்பிள்ளைகள், முதுகெலும்பின் இரு பக்கத்திலும் உள்ள சிறுநீரகங்களே. கைமுஷ்டியளவுள்ள ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் வடிகுழாய்கள் உண்டு. அவையெல்லாம் ஒரு நாளில் ரத்தத்திலிருந்து வடிப்பது ஏறக்குறைய 180 லிட்டர். வெளியேறுவதோ ஒன்று அல்லது இரண்டு லிட்டர்தான்! மற்றதைக் குழாய்ச் சுவரிலுள்ள ஜீவ அணுக்கள் மீட்டு ரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன.

வியர்வையில் உப்பைவிட ஜலமே அதிகம் போவதால் ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது. மூளை அதை உடனே அறிகிறது. தாகம் எடுக்கிறது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வாஸோப்ரஸின் என்னும் ரஸத்தை அனுப்புகிறது. அது வந்ததும் சிறுநீரக அணுக்கள் ஜலம் மாத்திரம் நுழையும் நுண்ணிய வாயில்களைத் தம் சுவரில் அமைக்கின்றன. இவ்வாயில்களைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003-இல் நோபல் பரிசு பெற்றார். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்த மற்றொரு சுரப்பியோ, சோடியத்தை நிறுத்திப் பொட்டாசியத்தைப் போகவிடும்படி ஆல்டோஸ்டிரோன் மூலம் ஆக்ஞையிடுகிறது. பொட்டாசியம் மிஞ்சினால் இருதயத் துடிப்பே தடுமாறும்.

எனினும் கணக்குப்பிள்ளை சிக்கனம் செய்யலாமே தவிர, வரவை உண்டாக்க முடியாது. கழிவுகளை அகற்ற நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் ஜலமாவது தேவை. தினந்தோறும் பற்றாக்குறை நேர்ந்தால் சிறுநீரகமே நலிந்துபோகும். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையே உஷ்ணத்தால் விளையும் இந்த அபாயத்தைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிலையத்து ஆராய்ச்சியாளர் 2023-இல் எடுத்துக்காட்டியுள்ளனர்.

நம் முன்னோர் உப்பிட்ட நீராகாரமும் நீர்மோரும் அருந்திக் கழனிக்குச் சென்றதில் எவ்வளவு விவேகம் இருக்கிறது! ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் உப்பின் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

ஒதுங்க இடமில்லை என்ற காரணத்தால் தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்யும் சகோதரிகளும் நம் நாட்டில் அநேகர். வேலைத்தலத்தில் குடிநீரும் கழிப்பிடமும் அமைத்துத் தருவது தர்மமன்று, கடமை. உப்பு ஏழையின் உரிமை என்று 1930-இல் ராஜாஜியின் பின்னே திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்த தேசம் இது. உழைக்கும் மக்களுக்கு ஒரு செம்பு ஜலமும் அதே உரிமைதான் என்பதை நாம் மறக்கலாகாது.