குளிசைக்கு முன் ஒரு மாதிரி

மாரி மழையில் வாவி கரையேறும் நாட்களில் மட்டக்களப்பின் எழுவான்கரைக் கிணறுகளை நம்ப முடியாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல் நிலம் நீரைத் தடுத்துவைப்பதில்லை. கிணறும் மலக்குழியும் அடுத்தடுத்து இருக்கும் வளவுகளில் ஒன்றின் நீர் மற்றதற்குள் கசிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு ஒழுங்கையில் நாலு வீட்டில் வயிற்றோட்டம் வந்தால் போதும், கதை கிளம்பிவிடும். கலியாண வீட்டுச் சோறு, சந்தியடிக் கடை, பக்கத்து ஊரிலிருந்து வந்த மீன் என்று பழி யாரோ ஒருவர் தலையில் விழும். ஊற்று எதுவென்று தெரியாமலே வெள்ளமும் வடிந்துவிடும்.

ஊற்றைக் கண்டறிய இன்று வழி உண்டு: கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்து ஒப்பிடுவது. எடுத்துக்காட்டாக, கொலராக் கிருமியின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 40 இலட்சம் எழுத்துகள் இருக்கின்றன. 1961 முதல் உலகைச் சுற்றிவரும் அதன் வம்சத்தில் ஆண்டுக்குச் சுமார் மூன்று எழுத்துகளே மாறுகின்றன. இரு நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளுக்கிடையில் ஒன்றிரண்டு எழுத்துகள்தான் வேறுபாடு என்றால், அவை அண்மையில் பிரிந்த உடன்பிறப்புகள். வேறுபாடு பல பத்து எழுத்துகள் என்றால், ஒரே பானைச் சோற்றைக் குற்றம் சொல்வது கடினம். குற்றவாளியைக் காட்டுவதைவிட, குற்றமற்றவரைக் காப்பாற்றுவதையே இதன் பெரிய பயனாக நான் நினைக்கிறேன்.

ஹெய்ட்டி நாட்டில் 2010 ஒக்டோபரில் கொலரா வெடித்தது. குறைந்தது நூறு ஆண்டுகளாக அந்த நோயை அறியாத மண் அது. மிர்பலே என்ற ஊரில், ஆற்றோரம் இருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவைச் சனங்கள் சந்தேகித்தார்கள். பிரெஞ்சு வைத்தியர் ரெனோ பியாரு ஊர் ஊராகச் சென்று, நோய் எந்த நாளில் எங்கே தொடங்கியது என்று தேடினார். பின்னர் ஆய்வுகூடங்கள் ஹெய்ட்டிக் கிருமியையும் நேபாளத்துக் கிருமிகளையும் ஒப்பிட்டபோது, சிலவற்றில் ஓரிரு எழுத்துகளே வேறுபட்டன. முகாமில் இருந்தவர்கள் நேபாளப் படையினர். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டோர் போட்ட வழக்கை ஐ.நா.வுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைக் காட்டி அமெரிக்க நீதிமன்றம் தள்ளியது. ஆனாலும் 2016 டிசம்பரில் செயலாளர் நாயகம் பான் கி மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆதாரம் இல்லாதிருந்தால் அதுவும் கிடைத்திராது.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கொலராவின் புதிய வகையான ஓ139 முதலில் தெரியவந்தது 1992இல், சென்னையில். கடலுக்கு அப்பால் காரைக்காலில் 2022 ஜூலையில் கொலராவுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். உவர்நீரில் வாழும் இன்னொரு கிருமி விப்ரியோ பராஹீமோலிட்டிகஸ். சரியாக வேகாத இறாலும் நண்டும் அதற்கு வாகனம். 1996இல் கொல்கத்தாவில் தலையெடுத்த அதன் ஒரு வம்சம், 1998இல் டெக்சாஸில் பச்சைச் சிப்பி உண்டவர்களின் வயிற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. இறாலும் நண்டும் தரும் வாவிக்கரையில் இருப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இந்தத் தேடல் எல்லாம் மல மாதிரி எடுக்கும் ஒரு சின்னப் போத்தலில் தொடங்குகிறது. மலத்தில் தோய்த்த பஞ்சுக் குச்சியைப் பச்சை நிற ஊடகத் தட்டில் இழுத்துவிட்டு ஓர் இரவு வைத்தால், கொலராக் கிருமி மஞ்சள் புள்ளிகளாக முளைக்கும்; இறால் நண்டில் வரும் கிருமி பச்சையாகவே நிற்கும். அந்தப் புள்ளியிலிருந்துதான் மரபணுவை எடுப்பார்கள். பார்மசியில் அன்ரிபயோட்டிக் வாங்கி விழுங்கிய பிறகு மாதிரி கொடுத்தால் தட்டில் ஒன்றும் முளைக்காமல் போகலாம். தடயம் அங்கேயே அழிந்துவிடும். வாசிக்கப்படுவது கிருமியின் மரபணு, உங்களுடையது அல்ல. அந்தப் பயம் வேண்டாம். மரபணு வாசிப்பு நம் நாட்டால் முடியாததும் அல்ல. கொவிட் காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் அதைச் செய்து காட்டினார்கள்.

கொலரா, வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், உணவு நஞ்சாதல் ஆகியவை அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். சந்தேகம் எழுந்தவுடனேயே, தனியார் வைத்தியரும்கூட, சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அதற்கான படிவம் எச் 544. பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். வராவிட்டால் நீங்களே அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். கிணற்றுநீரைப் பரிசோதிக்கவும் கேளுங்கள். குழாய்நீர் கலங்கிவந்தால் நீர்வழங்கல் சபையின் 1939க்கு அழையுங்கள்.

பரிசோதனை முடிவை ஒளித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலைநாட்களுக்குள் பதில் வரவேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம்தான். உங்கள் கடிதத்தில் அதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

வயிற்றோட்டம் தொடங்கியவுடன், கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் ஒரு பக்கெட் ஜீவனியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். கண் குழிந்தால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வைத்தியசாலையில் அன்ரிபயோட்டிக் எழுதும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்: “டொக்டர், மருந்து தொடங்க முதல் மல மாதிரி எடுப்பீங்களா?”