அகன்ற டயர், மிரட்டும் வளைவு

பின்சக்கரத்தின் பருமன்தான் மோட்டார் சைக்கிளின் கம்பீரம் என்று நம்புகிறார்கள் இளைஞர்கள். மலைப்பாதை வேறு கணக்குப் போடுகிறது.

தில்லி கரோல்பாகின் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைகளில் புல்லட்டுக்குப் புது அலங்காரம் செய்வது பெரிய வியாபாரம். ஹேண்டில்பார், சைலன்ஸர், சீட் என்று நீளும் பட்டியலில் அடுத்து வருவது பின் டயர். கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, கார் டயரோ என்று சந்தேகிக்க வைக்கும் ஒன்றை மாட்டினால், பின்னாலிருந்து பார்க்கும்போது வண்டிக்குத் தனி மிடுக்குதான். வண்டி இனி எப்படித் திரும்பும் என்ற கேள்வி அந்த நேரத்தில் அபூர்வமாகவே எழுகிறது.

இந்த மோகம் அமெரிக்காவிலிருந்து வந்தது. தாழ்ந்த சீட், முன்னால் நீட்டிய கால்கள், நீளமான உடல்வாகு. இதுதான் 'க்ரூஸர்' ரக மோட்டார் சைக்கிளின் அடையாளம். பருத்த பின் டயரும் இப்போது அதில் சேர்ந்துகொண்டது. 1991ல் வெளிவந்த 'டெர்மினேட்டர் 2' படத்தில் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் ஓட்டிய ஹார்லி டேவிட்சன் ஃபேட் பாயின் பின் டயர் அகலம் சுமார் 130 மி.மீ.தான். அதே ஃபேட் பாயில் அது 2007ல் 200 ஆனது, 2018ல் 240.

இந்திய க்ரூஸர்கள் அடக்கமானவை. பஜாஜ் அவெஞ்சரில் 130 மி.மீ.; ராயல் என்ஃபீல்டு 2020ல் அறிமுகப்படுத்திய மீட்டியார் 350ல் 140. பழைய க்ளாசிக் 350ல் 110 மட்டுமே. இந்த 110தான் பலருக்கு உறுத்துகிறது.

அகலம் கூடினால் என்ன ஆகிறது? மோட்டார் சைக்கிள் சாய்ந்துதான் திரும்புகிறது. நேராகப் போகும்போது டயரின் நடுப்பகுதி தரையைத் தொடுகிறது. சாயும்போது தரையைத் தொடும் இடம் டயரின் ஓரத்துக்கு நகர்கிறது. டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் நகரும். அதை ஈடுகட்ட வண்டி இன்னும் கொஞ்சம் சாய வேண்டும்.

இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுவிடலாம். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். டயருக்கு அகலமே இல்லையென்றால் 26 டிகிரி சாய்ந்தால் போதும். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்து, இரண்டு டயர்களும் 100 மி.மீ. அகலத்தில் வட்ட வடிவாக இருந்தால் 28 டிகிரிக்கு மேல் சாய வேண்டும். அதுவே 240 மி.மீ. என்றால் 32 டிகிரியைத் தாண்டுகிறது. இது எளிமைப்படுத்திய கணக்குதான். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. தாழ்ந்த க்ரூஸர்கள் பலவற்றில் 30 டிகிரியை எட்டும்போதே கால் வைக்கும் பலகை தரையில் உரசத் தொடங்கிவிடும். அதற்கு மேலும் சாய்த்தால் சட்டம் தரையில் ஊன்றி, சக்கரத்தையே தூக்கிவிடும்.

முன் டயர் ஒல்லியாகவும் பின் டயர் பருமனாகவும் இருந்தால் இன்னொரு தொல்லை. சாய்வில் இரண்டும் தரையைத் தொடும் இடங்கள் ஒரே கோட்டில் இருப்பதில்லை. வண்டி நிமிரப் பார்க்கும். ஓட்டுபவர் வளைவு முடியும்வரை ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

அகலமான டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இது பாதி உண்மை. தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வண்டியின் எடையும் காற்றின் அழுத்தமும்தான். டயரை அகலமாக்கினால் அந்தப் பரப்பின் வடிவம்தான் முக்கியமாக மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள, 1,868 சி.சி. என்ஜின் கொண்ட ஃபேட் பாய்க்குப் பெரிய டயரால் பயன் உண்டு. சுமார் 20 குதிரைத்திறன் கொண்ட 350 சி.சி. புல்லட்டுக்கு அந்தத் தேவை இல்லை. மழைநீர் தேங்கிய சாலையில் அகன்ற டயர் அதிகத் தண்ணீரை விலக்கியாக வேண்டும். லாரிகள் அழுத்தி உண்டாக்கிய பள்ளத் தடங்களில் அதன் ஓரம் மேட்டில் ஏறி வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கும்.

ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றுவது இதையெல்லாம்விட மோசம். 140/70-17 டயருக்குக் குறைந்தது 3.5 அங்குல அகல ரிம் வேண்டும். ஒல்லியான ரிம்மில் பெரிய டயரைத் திணித்தால் பக்கங்கள் உள்ளே இழுக்கப்பட்டு, மேற்பரப்பின் வளைவு கெட்டுப்போகிறது. செயினும் மட்கார்டும் உரசும். சரி, ரிம்மையும் சேர்த்தே மாற்றிவிட்டால்? 110/90-18ஐ எடுத்துவிட்டு 140/70-17 மாட்டினால் சக்கரத்தின் ஆரம் சுமார் 14 மி.மீ. குறைகிறது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன் ஃபோர்க் இன்னும் சாய்ந்துகொள்ளும். திருப்புவதற்கு வண்டி மேலும் சுணங்கும். ஃபேட் பாயில் இத்தகைய டயர் வேலை செய்கிறது என்றால், அதற்கேற்ற ரிம், ஸ்விங் ஆர்ம், ஃபோர்க் ஆகியவற்றோடு அது வடிவமைக்கப்பட்டிருப்பதே காரணம்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடும்படி மாற்றங்கள் செய்யக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிப்படை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கத் தொடங்கினால் பருத்த டயர் உதவிக்கு வராது.

ஆசையை அடக்க முடியாதவர்கள் என்ன செய்யலாம்? டயர் தயாரிப்பாளர் அந்த ரிம்முக்கு அனுமதிக்கும் அளவைத் தாண்டாமல் இருக்கலாம். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடி நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயரை உடனே மாற்றலாம். தட்டையான டயரும் வளைவில் வண்டியை முரண்டு பிடிக்க வைக்கும். சரியான காற்றழுத்தமும் நல்ல ரப்பரும் தரும் பிடிமானத்தை வெறும் அகலம் தந்துவிடாது.

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில், புல்லட்காரர்கள் புனித யாத்திரை போலப் போகும் வழியில், காட்டா லூப்ஸ் என்ற இடத்தில் 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பின்னால் நின்று டயரை ரசிக்க ஆள் கிடையாது. 110 மி.மீ. டயர் போட்ட வண்டி அலுக்காமல் திரும்பிக்கொண்டே மேலே போகும்.