வட்டச் சாளரமா, புதுத் துளையா?
ஒலி தேடும் செவிகள் – 7

உட்காதுக்குள் மின்முனைகளை வைத்துக் கேட்கச் செய்யும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவியை வைக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனிக் கருவி? எவ்வளவு செலவாகும்? மின்முனைக் கம்பி எந்த வழியாக உட்காதுக்குள் போகப்போகிறது என்று கேட்பவர்கள் அரிது. காதுக்கு வெளியே மாட்டும் பகுதியைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். கம்பி போகும்போது உட்காதில் கிழிந்த சவ்வைத் தைக்க இன்றுவரை வழியில்லை.

காக்ளியா என்பது இரண்டரைச் சுற்றுக்குச் சற்று அதிகமான எலும்புச் சுருள். திரவம் நிரம்பிய மேல் அறையும் கீழ் அறையும் அதன் நீளம் முழுக்க ஓடுகின்றன. நடுவே மயிர்செல்களைத் தாங்கும் மெல்லிய சவ்வு. மின்முனைகள் கீழ் அறைக்குள்ளேயே கடைசிவரை கிடக்க வேண்டும். பாதியில் சவ்வைக் கிழித்து மேல் அறைக்கு ஏறிவிட்டால், பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கம்பி சுருளுக்குள் எப்படி ஏறும் என்பதே ஆரம்பத்தில் பெரிய புதிர். 1977இல் ஆஸ்திரேலியாவின் மின்னமுரா கடற்கரையில் காது அறுவை மருத்துவர் கிரேம் கிளார்க் ஒரு சங்குக்குள் புற்களை நுழைத்துப் பார்த்தார். அடி விறைப்பாகவும் நுனி நெகிழ்வாகவும் இருந்த புல் ஆழமாகப் போனது. மறு ஆண்டே மெல்போர்னில் தன் முதல் நோயாளிக்குப் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார்.

சுருளை நெருங்க அதிகம் பயன்படும் பாதை, காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து போவது. முகத்தை அசைக்கும் நரம்புக்கும் நாக்கின் சுவை நரம்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். அதன் வழியே நடுக்காதை எட்டினால், அங்கே எலும்பு விளிம்பின் மறைவில் வட்டச் சாளரம் இருக்கிறது. கீழ் அறைக்கு இயற்கையே வைத்த திறப்பு அது. ஆரம்ப கால அறுவைகள் அதன் வழியாகவே நடந்தன. பின்னர், கம்பிக்கு நேரான பாதை வேண்டுமென்று சாளரத்துக்குப் பக்கத்தில் எலும்பில் புதுத் துளை போடும் முறை பரவியது. அதில் துளை கொஞ்சம் மேலே தள்ளிப்போனாலும் கம்பி தவறான அறைக்குள் இறங்கக்கூடும். எலும்புத் தூளும் உள்ளே விழும். மெலிந்த, வளையும் கம்பிகள் வந்த பிறகு பலர் மறுபடி சாளரத்துக்கே திரும்பினர்.

1993இல் ஜெர்மனியின் ஹானோவரில் எர்ன்ஸ்ட் லேன்ஹார்ட் மென்மையான அறுவை முறை ஒன்றை எழுதி வைத்தார். துளை சிறிதாக இருக்க வேண்டும். தூளைச் சுத்தம் செய்த பிறகே உள் உறையைத் திறக்க வேண்டும். உட்காதுத் திரவத்தை உறிஞ்சக்கூடாது. மீதமிருக்கும் கேள்திறனைக் காப்பது அவர் நோக்கம். 1999இல் பிராங்பர்ட்டின் கிறிஸ்டோஃப் வான் இல்பெர்க், தாழ்ந்த ஒலிகளை இயல்பாகவும் உயர்ந்த ஒலிகளை மின்சாரத்தாலும் ஒரே காதில் கேட்கவைக்கலாம் என்று எழுத, அந்த மிச்சத்தின் மதிப்பு இன்னும் கூடியது.

சுருளை நெருங்க வேறு பாதையும் உண்டு. கிரேக்க நாட்டின் வெரியா நகரப் பெயரைத் தாங்கிய முறையில், மாஸ்டாய்டைக் குடையாமல் காதுக் குழாயின் சுவரில் சுரங்கம் போட்டுக் கம்பியைக் கொண்டுபோகிறார்கள். முகநரம்புக்கு நெருக்கமாகக் குடைய வேண்டியதில்லை என்பது இதன் பெரிய பலம். ஆனால் சுரங்கத்தின் திசை சாளரத்துக்கு நேராக அமைவது கடினம்.

மூளைக்காய்ச்சலால் செவித்திறன் இழந்த குழந்தையின் நிலை வேறு. சுருளுக்குள் எலும்பு வளர்ந்து சாளரமே அடைபட்டிருக்கலாம். அங்கே குடைவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் அந்தக் குழந்தைகளுக்கு ஸ்கேனையும் அறுவையையும் தள்ளிப்போடக்கூடாது.

சாளரமா துளையா என்று ஒப்பிட்ட ஆய்வுகளில் ஒரு பக்கத்துக்குத் தீர்க்கமான வெற்றி இல்லை. கம்பியின் வகை, அதைத் தள்ளும் வேகம், மருத்துவரின் பழக்கம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. என் கட்சி இதுதான்: சாளரம் தெளிவாகத் தெரிந்தால் அதன் வழியே போகட்டும், தெரியாதபோது மட்டும் துளை. ஆடியோகிராமில் ஒன்றுமே பதிவாகாத குழந்தைக்கும் அதே கவனம் வேண்டும். பிள்ளைக்கு இன்னும் எழுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. கருவி பழுதானால் அதே பாதையில் இன்னொரு கம்பி போக வேண்டியிருக்கும்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: ஸ்கேனில் சுருள் திறந்திருக்கிறதா, எந்த வழியாகப் போகிறீர்கள், சாளரம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள், கம்பி சரியான அறையில் இருப்பதை எப்படி உறுதிசெய்வீர்கள்? பதில்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)