பட்டறையில் சொல்லும் விலை நியாயமா? வண்டியைத் தூக்குமுன் கேட்க வேண்டியவை

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்குக் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. காலை ஷிப்டுக்கு ஷா ஆலாமுக்கோ ரவாங்குக்கோ போய்ச் சேர வேண்டியவர் பேருந்தை நம்பிக் கிளம்ப முடியாது. வண்டி படுத்துவிட்டால் அன்றைய சம்பளமும் போய்விடும். அதனால்தான் பட்டறைக்காரர் ஒரு தொகையைச் சொன்னதும் நம்மில் பலர் மறுபேச்சுப் பேசுவதில்லை. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை வாங்கும் ஒருவருக்கு 850 வெள்ளி பில் என்பது அரை மாத உழைப்பு. அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் 'ஏமாந்துவிட்டோமோ' என்ற சந்தேகம் வருகிறது.

நம் பக்கத்தில் மெக்கானிக்கைப் 'போமேன்' என்பார்கள். 'ஃபோர்மன்' என்ற ஆங்கிலச் சொல் மலாய்க்காரர் வாயில் மாறி நம் பேச்சுக்கும் வந்துவிட்டது. சொல்லிலேயே ஒரு மேலாள் தோரணை இருக்கிறது. போமேன் சொன்னால் சொன்னதுதான் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

கார் பழுதுபார்ப்பில் விலையைக் கணிப்பது ஏன் இவ்வளவு சிரமம்? தக்காளி வாங்கும்போது அமுக்கிப் பார்க்கலாம். பட்டறையில் நோய் என்னவென்று சொல்பவரும் அவரே, மருந்து விற்பவரும் அவரே. பழுது நீங்கிய பிறகும், மாற்றிய சாமான் உண்மையிலேயே கெட்டிருந்ததா என்பது நமக்குத் தெரிவதில்லை. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1973-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வாங்கிய பிறகும் தரம் தெரியாத இத்தகைய சேவைகளுக்கு அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று கார் பழுதுபார்ப்பு. ஆக, இது தோட்டத்து மக்களின் அறியாமை அல்ல. டாக்டரும் வழக்கறிஞரும் பட்டறை வாசலில் நம்மைப் போலத்தான் நிற்கிறார்கள்.

பிறகு அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான பட்டறைகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒரு டொயோட்டா கேம்ரியின் ரேடியேட்டரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஆண்களும் பெண்களும் கேட்டனர். விலை பற்றி எதுவும் தெரியாதவர்போல் கேட்டபோது, பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல் விலை சொல்லப்பட்டது. 'இவ்வளவு ஆகும் என்று நினைக்கிறேன்' என்று ஒரு தொகையைத் தாங்களே சொல்லிக் கேட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. குறைத்துக் கொடுக்கும்படி கேட்டபோது பெண்களுக்குத்தான் அதிகம் இறங்கி வந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் உள்ளது. கணவரையோ அண்ணனையோ துணைக்கு அழைத்துப்போகக் காத்திருக்கும் நம் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். துணைக்கு ஆள் தேவையில்லை. கையில் ஒரு விலை இருந்தால் போதும்.

அந்த விலை எங்கே கிடைக்கும்? பெரோடுவாவும் புரோட்டோனும் தங்கள் கார்களுக்கு எத்தனை கிலோமீட்டரில் என்ன பராமரிப்பு, அதற்கு எவ்வளவு கட்டணம் என்பதைத் தங்கள் இணையத்தளங்களில் வெளியிடுகின்றன. தனியார் பட்டறை பெரும்பாலும் அதைவிட மலிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் என்று கேட்கலாம். பழைய கார்களுக்கு அந்தப் பட்டியல் போதாது. அப்போது இன்னும் இரண்டு பட்டறைகளுக்கு அழைத்து, கார் மாடல், ஆண்டு, மாற்ற வேண்டிய சாமான் மூன்றையும் சொல்லிக் கேட்டால் சுமாரான விலை தெரிந்துவிடும்.

மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். வட சிலாங்கூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோயையே எடுத்துக்கொள்வோம். செம்பனை லாரிகள் ஓடிப் பள்ளமான சாலையிலும் தோட்டத்து மண்பாதையிலும் தினமும் போகும் காரில் முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் வரும். பெரும்பாலும் லோவர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கும். ஒரு பட்டறை ரப்பர் புஷ்ஷை மட்டும் அழுத்தி எடுத்து மாற்றும். அதில் சாமான் விலை குறைவு, கூலி அதிகம். இன்னொரு பட்டறை ஆர்மையே முழுதாக மாற்றும். அதில் சாமான் விலை அதிகம், வேலை சீக்கிரம் முடியும். பால் ஜாயிண்டும் சேர்ந்தே வரும் மாடலாக இருந்தால் அதுவும் புதிதாகிவிடும். இரண்டுமே நேர்மையான வேலைதான். ஒருவர் 200 என்கிறார், மற்றவர் 350 என்கிறார் என்று வைத்துக்கொண்டால், என்ன மாற்றுகிறார்கள் என்று தெரியாமல் 350 சொன்னவரைத் திருடன் என்பது அநியாயம். ஆர்மைக் கழற்றி மாட்டிய பிறகு சக்கரம் நேர்படுத்தும் அலைன்மெண்ட் விலையில் சேர்ந்ததா என்று கேட்க மறக்காதீர்கள். அதை விட்டுவிட்ட மலிவு விலை, ஆறு மாதத்தில் டயரைத் தின்றுவிடும்.

டிரைவ் ஷாஃப்டும் இப்படித்தான். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்த உடனே பார்த்துவிட்டால், உறையையும் கிரீஸையும் மாற்றினால் போதும். கிழிந்தது தெரியாமல் மழைக்காலம் முழுக்கச் சேற்றில் ஓட்டினால் மண்ணும் தண்ணீரும் உள்ளே புகுந்து ஜாயிண்டை அரித்துவிடும். பிறகு முழு ஷாஃப்டையே மாற்ற வேண்டியிருக்கும். 'முழுதாக மாற்றணும்' என்று சொன்னால், வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே சக்கரத்துக்குப் பின்னால் காட்டச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது 'கடக் கடக்' என்று கேட்டால் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும்.

சாமான் எந்த வகை என்பதும் விலையை மாற்றிவிடும். கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் ஒரிஜினல், அதே பொருளைச் செய்யும் தொழிற்சாலையே தன் சொந்தப் பெயரில் விற்பது, வேறு யாரோ செய்த போலி, ஜப்பானிலிருந்து வெட்டி வரும் ஹாஃப்கட் காரில் கழற்றிய பழையது. நான்கையும் 'நல்ல சாமான்' என்று ஒரே பெயரில் சொல்வார்கள். பழைய வீராவுக்கு ஹாஃப்கட் சாமான் போடுவதில் தப்பில்லை. பழைய சாமானைப் போட்டுவிட்டுப் புதுசு விலை வாங்குவதுதான் தப்பு.

மைவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு சோதனை. மைவி எஞ்சினில் இருப்பது டைமிங் செயின்; கஞ்சிலிலும் வீராவிலும் இருப்பதுதான் பெல்ட். மைவிக்கு 'டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் வந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அந்த எஞ்சின் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

தெரியாமை என்ற பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹென்றி ஷ்னைடர் என்ற அமெரிக்க ஆய்வாளர், தெரிந்தே சில பழுதுகளை வைத்த காரைப் பல பட்டறைகளுக்குக் கொண்டுபோனார். தேவையில்லாத வேலையைச் சொன்ன பட்டறைகள் இருந்தன. அவற்றைவிட அதிகமாக இருந்தவை, உண்மையான பழுதைக் கண்டுபிடிக்காமல் விட்டவை. ஆகவே குறைந்த விலை நியாயமான விலை ஆகிவிடாது. ஏர்கோண்ட் குளிரவில்லை என்று போனால் கேஸ் மட்டும் அடித்து அனுப்புவார்கள். அது மூடிய குழாயில் சுற்றுவது, பெட்ரோல்போல் செலவாகாது. நான்கு மாதத்தில் மறுபடி தீர்ந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் மூன்று முறை கேஸ் அடித்தவர், ஒரே முறை கூடுதலாக வாங்கிக் கசிவை அடைத்தவரைவிட விலை உயர்ந்தவர்.

தோட்டத்துப் பக்கம் இன்னொரு கணக்கு உண்டு. தெரிந்த போமேன், நம்ம ஆள், சம்பளம் வந்ததும் கொடு என்பார். அந்தத் தவணைக்கான விலையும் பில்லில் எங்கோ ஒளிந்திருக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. வங்கி கடன் தராத இடத்தில் அவர் தருகிறார். ஆனால் ரொக்கத்துக்கு என்ன விலை, கடனுக்கு என்ன விலை என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். 'நம்ம ஆள்' என்பதற்காகவே பில் வாங்காமல் வருவதுதான் நம்மவர்களிடம் உள்ள பெரிய பலவீனம் என்பேன். உறவு கெடும் என்று பில் கேட்கத் தயங்குகிறோம். பிறகு அந்த உறவு எப்படியும் கெடுகிறது, கையில் தாளும் இருப்பதில்லை.

வண்டியைக் கொடுக்கும்போதே சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. 'அண்ணே, கழற்றின பழைய சாமானை எடுத்து வைங்க, நான் பார்க்கணும்.' சீனர் பட்டறையானால், 'போஸ், பாராங் லாமா சிம்பான், சாயா நாக் தெங்கோக்.' இதைக் கோபமாகச் சொல்லத் தேவையில்லை. 150 வெள்ளிக்கு மேல் கூடுதலாக ஏதாவது செய்வதென்றால் போன் செய்யுங்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், மாலையில் பில்லைப் பார்த்து அதிரும் நிலை வராது. வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி 'ஓகே' வாங்கிக்கொண்டால் அதுவே சாட்சி.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, சேவை நியாயமான திறமையோடும் கவனத்தோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. 56-ஆவது பிரிவு விலை பற்றியது: முன்கூட்டியே விலை பேசப்படாத இடத்தில், பயனீட்டாளர் நியாயமான விலைக்கு மேல் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீங்களே 600 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டு வண்டியை விட்டிருந்தால், பிறகு 'பக்கத்துக் கடையில் 450' என்று இந்தப் பிரிவைக் காட்ட முடியாது. விலையை முன்பே பேசுவது இருவரையும் கட்டுப்படுத்தும். எனவே விசாரிப்பதெல்லாம் சரி என்று தலையாட்டுமுன் நடக்க வேண்டும்.

பில்லில் 'வரி' என்று ஒரு வரி இருந்தால் நின்று பாருங்கள். ஆண்டுக்கு 500,000 வெள்ளிக்கு மேல் சேவை வருமானம் உள்ள பட்டறைகள்தான் சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. இரண்டு பேர் வேலை செய்யும் ஒட்டுக்கடை சேவை வரி கேட்டால் பதிவு எண்ணைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

தகராறு என்று வந்துவிட்டால் வாசலில் நின்று சத்தம் போடுவதாலோ, பணம் தராமல் சாவியைப் பிடுங்குவதாலோ பயனில்லை. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கப் பட்டறைக்காரருக்கு உரிமை உண்டு. மறுநாள் வேலைக்கு வண்டி வேண்டுமென்றால், 'விலையை ஏற்கவில்லை, மறுப்போடு கட்டுகிறேன்' என்று பில்லிலேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கட்டிவிடுங்கள். அந்தப் பில்லைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. எதிர்த்தரப்பும் வழக்கறிஞரை நிறுத்த முடியாது. இணையம் வழியாகவும் மனுச் செய்யலாம், மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். பில், வாட்ஸ்அப் உரையாடல், கேட்டு வாங்கிய பழைய சாமான், இன்னொரு பட்டறை எழுதிக் கொடுத்த விலை ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். தீர்ப்பாயம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி 14 நாளுக்குள் பட்டறை பணியாவிட்டால், அதுவே ஒரு குற்றம்.